பொனிரா பொனிரா

“பொனிரா... அப்புறம்?” என்று ஆளெடுக்கும் அறையில் இபு யுலியானா ஒரு தடவை அவளைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனதால், பதினான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இரண்டாவது பொனிரா தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். முதல் பொனிரா வருவதற்குப் பதினொரு நிமிடம் முன்னதாகவே வந்து, கையுறை மாட்டி, இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி கேட்கப்பட்ட அன்று பொனிராவுக்குப் பத்தொன்பது வயது. ஜாவாவிலிருந்து கப்பலில் வந்து பாத்தாம் தீவில் இறங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களில் அவளும் ஒருத்தி. ஐந்து நாள் கொண்ட சந்தை வாரத்தில் பொன் என்கிற நாளில் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். அதற்கு மேல் ஒரு பெயர் தேவைப்படும் என்று அவள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. “அப்புறம் ஒன்னும் இல்லீங்கம்மா, அவ்வளவுதான்” என்றாள். “அவ்வளவுதான்னா எப்படி? அப்பா பேரு என்ன?” என்று கேட்டாள் இபு யுலியானா. “பாயிமின். அவருக்கும் அது ஒன்னுதாங்க.” இபு யுலியானா பெருமூச்சு விட்டாள். கணினியில் இருந்த படிவம் எல்லோருக்கும் இரண்டு பெயர் உள்ள ஏதோ ஒரு நாட்டில் எழுதப்பட்டது. இரண்டாவது பெட்டி காலியாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. வெளியே வராந்தாவில் ஒற்றைப் பெயரோடு இன்னும் அறுபது பேர் வெயிலில் நின்றார்கள். “இருக்கறதையே இன்னொரு தடவ போட்டுடறேன், சரியா?” என்றாள். பொனிரா தலையாட்டினாள். இப்படித்தான் அவள் பொனிரா பொனிரா ஆனாள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தத் தொழிற்சாலையில் செய்தது கண்கள். தெருமுனைகளிலும் கடைகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பொருத்துகிற கேமராக்களுக்கான லென்ஸ். மிளகு அளவில் ஒன்று, சோள அளவில் ஒன்று. தூசியில்லா அறையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் வெளியே தெரிய, பெண்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொரு லென்சிலும் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் செய்த கண்களில் தேறாதவற்றை வீணாக்காமல் அவர்கள் தலைக்கு மேலேயே மேசைக்கு ஒன்றாக மாட்டியிருந்தார்கள். யாருடைய கை எத்தனை முறை முகத்துக்குப் போகிறது, யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் கழிப்பறையில் நான்கு நிமிடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எண்ணப்பட்டுக் கேன்டீன் சுவரில் ஒரு பெரிய திரையில் வந்தது. அதற்கு விலகல் பட்டியல் என்று பெயர். நூற்றுக்கு எத்தனை என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண். வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு; அதன் முன் அரை நொடி சிரிக்காமல் நின்றால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். சிரித்தால் திறக்காது. முதல் மாதம் புதுப்பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கதவைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது. இரண்டாம் மாதம் வரவில்லை.

பொனிராவுக்கு மூன்று விலகல்கள். வேலை செய்யும்போது தலை இடப்பக்கம் சாயும். சிரிக்கும்போது இடது புறங்கையால் வாயை மூடுவாள். மூன்றாவது, தனக்கே தெரியாமல் மூக்கால் ஒரு மெட்டை முனகுவாள். அது எந்தப் பாட்டும் இல்லை. அவள் ஊரில் மாலையில் வருகிற புட்டு வண்டியின் ஆவிக்குழல் ஊதுமே, அந்த ஒற்றை நீளச் சத்தத்தில் தொடங்கி, அப்புறம் தன் பாட்டுக்கு எங்கெங்கோ போய் இறங்கும். அவளே கட்டியது. பக்கத்து மேசை ரோத்துவா அந்த மெட்டைக் கேட்டுத்தான் மணி பார்க்காமல் நேரம் சொல்வாள். இந்த மூன்றினாலும் பொனிராவின் மதிப்பெண் பதினான்கு மாதமாக எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. சூப்பர்வைசர் பாக் ஹெர்மான்ஷா கெட்டவர் இல்லை. “உன் தலைக்கு ஒரு ஆணி அடிச்சு நிறுத்தட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போவார். இதற்கிடையில் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தன. விலகல்களையெல்லாம் கழித்தால் பொனிரா எப்படி இருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கிட்டு, அந்த உருவத்தை இரண்டாவது பெயரின் கீழே சேர்த்து வைத்தன. அந்த உருவம் முழுமையானபோது அது வேலைக்கு வந்தது.

அந்த வியாழக்கிழமை கண்ணாடிக் கதவு முதல் பொனிராவுக்குச் சிவப்பு காட்டியது. பொனிரா பொனிரா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று எழுத்து ஓடியது. “உள்ள போனவ எந்த வழியா வெளிய வந்த?” என்று காவலாளி சிரித்துக்கொண்டே பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். தன் இடத்தில் தானே உட்கார்ந்திருப்பதைப் பொனிரா கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அதே கண், அதே புருவம், வலது இமையில் அதே அம்மைத் தழும்பு. தலை மட்டும் நேராக இருந்தது. பாக் ஹெர்மான்ஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நூறு என்று இருந்தது. அந்த எண்ணை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. “நீ இன்னிக்கு கேன்டீன்ல உக்காரும்மா. வேல நடக்குது, கெடுக்க வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை சுகேசிக்கு ஒரு சுகேசி வந்தாள். புதன்கிழமை துமினிக்கும் லெகியெமுக்கும். நோன்பு மாதம் தொடங்கும்போது நாற்பத்தொரு பேர். எல்லோரும் ஒற்றைப் பெயர்க்காரிகள். புளோரஸ் தீவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்களுக்கு மூன்று பெயர் வரை இருந்ததால் யாரும் வரவில்லை. பத்தாக் இனத்தில் பிறந்து, குலப்பெயரையும் சேர்த்து எழுதுகிற ரோத்துவா சித்திஞ்சாக்குக்கும் வரவில்லை. “என் ரெண்டாவது பெட்டியில சித்திஞ்சாக் குலமே கால நீட்டி உக்காந்திருக்கு. உள்ள ஒரு கொசு நுழைய முடியாது. உங்க வீடு பூட்டாத வீடுடி, அதான் ஆள் குடியேறிட்டா” என்று கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் ரோத்துவா. தீவின் நாளிதழ் நான்காம் பக்கத்தில், படகு நேரங்களுக்குக் கீழே, இதை ஆறு வரியில் போட்டது. அதற்கு அடுத்த நாள் மிளகாய் விலை ஏறிவிட்டதால் தொடர்ந்து போட இடம் இல்லை.

வந்தவர்கள் சாப்பிடவில்லை, வியர்க்கவில்லை, கழிப்பறைக்குப் போகவில்லை. ஷிப்ட் முடிந்ததும் உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, அவரவர் லாக்கரைப் பார்த்தபடி அடுத்த ஷிப்ட் வரை நின்றார்கள். தரை துடைக்கிற பெண்கள் வந்து “காலத் தூக்குங்க” என்றால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி, துடைத்துக் காயும்வரை அப்படியே இருந்து, பிறகு இறக்கினார்கள். துடைக்கிறவர்களுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது.

முதல் பெண்களுக்கு உபரி வரிசை என்று ஒன்று போடப்பட்டது. அங்கே காலித் தட்டுகளை வைத்துக்கொண்டு, லென்ஸ் இருப்பதுபோல எடுத்து, பார்த்து, வைக்க வேண்டும். அவர்களுக்கும் தலைக்கு மேல் ஒரு கண், திரையில் ஒரு மதிப்பெண். பொனிராவுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது கைப்பேசி. முகத்தைக் காட்டினால் திறக்கிற அந்தக் கைப்பேசி ஒருநாள் அவள் முகத்துக்குத் திறக்கவில்லை. லாக்கர் முன் நின்றவளிடம் நீட்டியபோது உடனே திறந்தது. ரோத்துவாவின் கைப்பேசியை வாங்கி ஊருக்குப் பேசினாள். “என்னடி, நேத்துதான பேசின? நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா, வெச்சிடறேம்மான்னு சொன்னியே. இன்னிக்கு என்ன புதுசா?” என்றாள் அம்மா. பதினான்கு மாதமாக அம்மாவிடம் அவள் சொல்லிவந்ததும் அந்த மூன்று வாக்கியங்கள்தான். அம்மாவுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

பெருநாள் முடிந்து இபு யுலியானா அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள். ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான் இருக்க முடியும். பத்துப் பத்துப் பெயராக, மாதத்தின் முதல் நாள் காலையில், இருவரும் கண்ணாடிக் கதவின் முன் நிற்க வேண்டும். யார் என்பதைக் கதவு முடிவு செய்யும். இதில் மனிதர் யாரும் தலையிட மாட்டார்கள் என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. மற்றவர் பதிவிலிருந்து நீக்கப்படுவார். தொழிற்சாலைப் பதிவும் அடையாள அட்டையும் மருத்துவமனையும் கப்பல் டிக்கெட்டும் ஒரே முகத்தில் கோக்கப்பட்டிருந்ததால், இங்கே நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது துமினி மூலமாகத் தெரிந்தது. முதல் பத்தில் அவள் இருந்தாள். கதவு மற்றவளுக்குத் திறந்தது. துமினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள், டிக்கெட் கொடுக்கிற இயந்திரம் அவள் முகத்தைப் பார்த்து எதிரே யாரும் இல்லை என்று சொன்னது. திரும்பி வந்து சந்தைக்குப் பின்னால் தங்கினாள். முதல் வாரம் கடைக்காரர்கள் அவளுக்குச் சோறு கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் அவளைக் கூப்பிட்டுக் கொடுக்க மறந்துபோனார்கள். பொனிராவும் ரோத்துவாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது மழை. மீன் வாங்க வந்த ஓர் அம்மாள் தன் ஈரக்குடையை மடக்கித் துமினியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சுவரில் வைத்ததுபோல நினைத்துக்கொண்டு மீன் பேரம் பேசினாள். துமினியும் குடை விழுந்துவிடாமல் அசையாமல் நின்றாள். அன்றைக்குப் பொனிரா ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் முறைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. கதவு தனக்குத்தான் திறக்க வேண்டும், அதற்கு எதை விட வேண்டுமென்றாலும் விட்டுவிடுவது.

விடுவது ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். உடுப்பின் கழுத்துப்பட்டிக்குள் ஓர் எஃகு அளவுகோலைச் செருகினாள். தலை இடப்பக்கம் சாய்ந்தால் அது காதுக்குக் கீழே குத்தும். முனகல் வராமல் இருக்க வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் துப்புவாள். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்காரப் பழகினாள். ஷிப்ட் முடிந்ததும் லாக்கர் அறைக்குப் போய், இரண்டாவது பொனிராவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் எப்படி நிற்கிறாளோ அப்படி நின்றாள். பத்து நாளில் எண்பத்து நான்கு. பதினெட்டு நாளில் தொண்ணூற்று மூன்று. “நீ என்னடி, ஐஸ்ல வெச்ச மீன் மாதிரி ஆயிட்ட? கண்ணு மட்டும் தெறந்திருக்கு” என்றாள் ரோத்துவா. பொனிராவின் வாயில் தண்ணீர் இருந்தது. ஆனால் அவளுடைய தொண்ணூற்று மூன்று எதற்கும் ஆகாது. லாக்கரைப் பார்த்து நின்றவளுக்கு நூறு, எந்த நாளும் நூறு.

அப்போதுதான் சுகேசி ஒரு வழி சொன்னாள். சுகேசிக்கு முப்பத்திரண்டு வயது, விடுதி அறையிலேயே மூத்தவள். அவள் முறை பொனிராவின் முறைக்கும் அடுத்த மாதம். ஜாவாவில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால் பெயர் அதற்குக் கனமாகிவிட்டது என்பார்கள். அப்போது சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைத்து, அந்தப் பெயரை இறக்கிவிட்டு வேறு பெயர் கொடுப்பார்கள். “இங்க ஒரே பேர ரெண்டு பேர் சொமக்கறீங்க. நீ ஏன் எறக்கணும்? அவளுக்கு வேற பேரு வெச்சிடு. அப்புறம் அவ எப்படிப் பொனிராவா இருப்பா? கதவுக்கு இருக்கறது நீ ஒருத்திதான்” என்றாள் சுகேசி. இதில் ஒரு தவறு இருந்தது, ஆனால் அது என்ன என்று அந்த அறையிலிருந்த பன்னிரண்டு பேரில் யாருக்கும் தெரியவில்லை.

பொனிராவின் பிறந்த நாள் செவ்வாயும் பொன்னும் சேர்வது. முப்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை வரும். அடுத்து அது வந்த செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை நாளாகவும் அமைந்தது. விடுதியில் சமைக்கக் கூடாது என்பதால் சோறாக்கும் குக்கரைப் போர்வைக்குள் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். பாதியில் வெல்லம் போட்டுச் சிவப்பு, பாதியில் தேங்காய்ப்பால் விட்டு வெள்ளை. ரம்பை இலை வாசனை நடைபாதை வரை போனது, ஆனால் அங்கே இருந்த கேமராவுக்குக் கண்ணும் காதும் மட்டுமே இருந்தன. ரோத்துவா லாக்கர் அறைக்குப் போய் இரண்டாவது பொனிராவைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். வரக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதால் அவள் வந்தாள்.

“கஞ்சிக்கெல்லாம் பேரு மாத்தறது ரொம்ப மலிவுடி. எங்க குலத்துல ஒருத்திய சேத்துக்கணும்னா பன்னி வெட்டணும், மூனு மாமன்காரங்க பேசிப் பேசியே சாவடிப்பானுங்க” என்றாள் ரோத்துவா.

“வாய மூடு. பன்னி பேச்ச எடுக்காத, கஞ்சி கெட்டுப்போகும்” என்றாள் சுகேசி. பிறகு பொனிராவிடம், “பேர சத்தமா சொல்லணும். சுத்தி உள்ளவங்க எல்லாரும் கேக்கணும். அதான் மொறை” என்றாள்.

“சத்தமா சொன்னா அதுக்கும் கேக்குமேக்கா” என்று கதவுக்கு வெளியே இருந்த கேமரா பக்கம் கண்ணைக் காட்டினாள் பொனிரா.

“காதுல சொல்லு, போ. ஆனா ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்ச பேரு நிக்குமான்னு எனக்குத் தெரியாது.”

பொனிராவிடம் ஒரு பெயர் இருந்தது. ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று பெயர் உள்ள பிள்ளைகளைப் பார்த்தபோது, தனக்கு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டது. எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. மெட்டை முனகும்போது அதன் கடைசி இறக்கத்தில் அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். வேறு பெயர் யோசிக்க நேரம் இல்லாததால் அதையே அவள் காதில் சொன்னாள். பிறகு சிவப்பில் ஒரு கரண்டி, வெள்ளையில் ஒரு கரண்டி ஊட்டினாள். இரண்டாமவள் முதன்முதலாக விழுங்கினாள். விழுங்குவது எப்படி என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடி, அவள் தலை இடப்பக்கம் சாய்ந்தது. “அய்யோ” என்றாள் ரோத்துவா.

மறுநாள் கேன்டீன் திரையில் இரண்டாமவளுக்குத் தொண்ணூற்றேழு. மூன்றாம் நாள் எண்பத்தொன்பது. அன்று அவள் கழிப்பறைக்குப் போய் ஏழு நிமிடம் இருந்தாள். வெறுமனே கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்ததாகத் துடைக்கிற பெண்கள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் தூசியில்லா அறையில் மெட்டு கேட்டது. புட்டு வண்டிக் குழலின் நீளச் சத்தத்தில் தொடங்கி, பொனிரா வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிற்காமல் அதையும் தாண்டிப் போனது. பாக் ஹெர்மான்ஷா தலையில் கை வைத்துக்கொண்டார். உபரி வரிசையில் உட்கார்ந்திருந்த பொனிராவுக்குத் தொண்ணூற்றாறு. அவளுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. வாயில் தண்ணீர் இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் குளியலறையில், தண்ணீரைத் திறந்து விட்டுச் சத்தம் வெளியே கேட்காது என்ற தைரியத்தில், தானும் முனகிப் பார்த்தாள். குழல் சத்தம் வந்தது. அப்புறம் எங்கே போவது என்று தெரியவில்லை. திரும்பத் தொடங்கினாள், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. சோப்பு காய்ந்துபோகும்வரை அப்படி நின்றுவிட்டு, பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, கதவு திறந்த பிறகு எல்லாம் தானாக வரும் என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு நாள் விடுதிக் கட்டிலில் ரோத்துவா காவலாளியைப் போல நடித்துக் காட்டியபோது அறையே சிரித்தது. பொனிராவும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள். கை மட்டும் மேலே வரவில்லை. ரோத்துவா நடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். “இப்ப நீ எந்தப் பொனிராடி?” என்று கேட்டாள். கேலியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. “பதிவுல இருக்கப்போறவ” என்றாள் பொனிரா. அன்று மாலையே அவள் அளவுகோலைக் கழுத்துப்பட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். அது இனி தேவைப்படவில்லை. மறுநாள் திரையில் அவளுக்கு நூறு வந்தது.

முதல் தேதி காலை மழை விட்டிருந்தது. பத்துப் பெயருக்கு இருபது பேர் வாசலில் வரிசையாக நின்றார்கள். இபு யுலியானா பட்டியலோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; பாக் ஹெர்மான்ஷா தேநீர்க் குவளையோடு நின்றார். ஷிப்டுக்கு நேரமானதால் ரோத்துவாவும் சுகேசியும் ஏற்கெனவே உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஆறாவது பெயர் பொனிரா பொனிரா. இருவரும் முன்னால் வந்தார்கள். ஒருத்தி நேராக நின்றாள், கண் இமைக்கவில்லை, மூச்சு வருவதும் போவதும் தெரியவில்லை. இன்னொருத்தி காலை மாற்றி மாற்றி நின்றாள், தலையைச் சாய்த்துக் கதவில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பார்த்தாள். பச்சை எரிந்தது. பொனிரா பொனிரா, வருக என்று எழுத்து ஓடியது. கதவு திறந்தது முதல் பொனிராவுக்கு. இபு யுலியானா பட்டியலில் ஒரு குறி போட்டாள். இருவரில் யார் முதலில் வந்தவள் என்று அவளுக்குத் தெரியாது, அது படிவத்தில் கேட்கப்படவும் இல்லை.

மற்றவளுக்குக் கதவு சிவப்புக்கூடக் காட்டவில்லை. எதிரே யாரும் இல்லை என்றது. துமினியைப் போல அவளும் பெட்டி தூக்கி அலைவாள் என்று சுகேசி நினைத்தாள். ஆனால் அவளிடம் பெட்டி இல்லை, போக வேண்டிய ஊரும் இல்லை, தான் பதிவிலிருந்து நீங்கியதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் அறிவிப்புத் தாளைப் பார்த்தாள், பாக் ஹெர்மான்ஷாவின் தேநீர்க் குவளையைப் பார்த்தாள், இடது புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு திரும்பிச் சாலையை நோக்கி நடந்தாள். காவலாளி தன் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஈரமான சாலை மட்டும் தெரிந்ததால் அவர் தடுப்புக் கம்பத்தை இறக்கவில்லை. அவள் குட்டையில் கால் வைத்த இடத்தில் தண்ணீர் தெறித்தது. மெட்டு இங்கே வரை கேட்டது.

பொனிரா கதவின் நிலையில் நின்றாள். உள்ளே மணி அடித்தது. ஒரு காலை உள்ளே வைத்தாகிவிட்டது. கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாது, கூப்பிட்டால் போதும், அவள் திரும்பினால் போதும். பொனிரா என்று கூப்பிட முடியாது, அது இப்போது இவள் மட்டும்தான். அந்த இன்னொரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்பது வயதிலிருந்து வைத்திருந்த பெயர், கஞ்சியன்று காதில் சொன்ன பெயர். வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ரோத்துவா, “சொல்லுடி, போறாடி, சொல்லு!” என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. அந்தப் பெயர் என்ன என்று பொனிராவுக்கு ஞாபகம் வரவில்லை. அது தொடங்கும் எழுத்துக்கூட வரவில்லை.

சாலை வளைவில், கூப்பிடுவார்கள் என்று நினைத்து நிற்பவளைப் போல அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு வளைவைத் தாண்டிப் போய்விட்டாள்.